புகை தெரிகிறது, சக்கரம் தெரியவில்லை

நேற்று ராத்திரியும் அதே கதைதான். பழைய நீராவி ரயில் படம் ஏதாவது ஒன்று பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பழைய படத்தை மென்பொருளால் மெருகேற்றி, ‘4கே, 60 ஃபிரேம், முழு வண்ணம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்று முதலில் வந்து நின்றது. இன்ஜினுக்கு மேலே புகை போகவில்லை, மெழுகு உருகி வழிகிற மாதிரி ஏதோ நெளிந்தது. நடைமேடையில் நின்ற ஆளுக்கு ஒரு நொடி மூக்கு இருந்தது, அடுத்த நொடி இல்லை. மூடிவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரயில் வரட்டும், முழுசாகக் கடந்து போகட்டும். எந்தப் பாதை, எந்த வருஷம் என்று யாராவது சொல்லட்டும். ஓடிய வேகத்திலேயே ஓடட்டும். சத்தமில்லாமல் எடுத்ததைச் சத்தமில்லாமலேயே காட்டட்டும். இந்த நாலும் ஒரே இடத்தில் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது.

பழைய ஃபிலிமில் மணல் தூவின மாதிரி ஒரு பொரிப்பொரி உண்டு. நீராவியும் அப்படித்தான், அதற்கு விளிம்பே கிடையாது. எது ஃபிலிமின் துகள், எது புகை என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து வழித்துத் துடைத்துவிடுகிறது. வண்ணம் பூசுவது இன்னொரு கூத்து. 1930களின் பிரிட்டனில் எல்.எம்.எஸ். என்ற ரயில் கம்பெனியின் பெரிய விரைவு இன்ஜின்கள் கருஞ்சிவப்பு, எல்.என்.இ.ஆர். என்ற இன்னொரு கம்பெனியின் விரைவு இன்ஜின்கள் இளம்பச்சை. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை செய்த மல்லார்டு என்ற இன்ஜின் நல்ல நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாமே சாம்பல்தானே? அந்தச் சாம்பலிலிருந்து சரியான நிறத்தை ஊகிக்க வழியே இல்லை. ஆனாலும் தைரியமாக எதையோ அப்பிவிடுகிறார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது படத்தை வெட்டும்போதுதான். அந்தக் காலப் படம் ஏறக்குறைய சதுரமானது. இன்றைய அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று மேலேயும் கீழேயும் நறுக்கினால் உயரத்தில் கால்வாசி காலி. ரயில் படத்தில் மேலே இருப்பது புகை, கீழே இருப்பது சக்கரம். நீராவி இன்ஜினில் பார்க்க வேறென்ன இருக்கிறது ஐயா? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் கண்ணா குத்துகிறது?

வேகத்துக்கு மட்டும் நாமே ஒரு வைத்தியம் செய்துகொள்ளலாம். வீட்டுக் கேமராக்காரர்கள் 8 மி.மீ. ஃபிலிமில் நொடிக்கு 16 அல்லது 18 ஃபிரேம் என்று எடுத்தார்கள். அதை அப்படியே நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடவிட்டால் சரக்கு ரயில்கூடப் பேய் பிடித்த மாதிரி ஓடும். ரயிலைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், நடைமேடையில் நடப்பவரின் காலைப் பாருங்கள். அவர் குடுகுடுவென்று நடந்தால் வீடியோ ஓடும் வேகத்தை 0.75 என்று வையுங்கள். 18 ஃபிரேமில் எடுத்த படம் என்றால் கணக்கு மிகச் சரியாக உட்காரும். அந்த மனிதர் நிதானமாக நடக்க ஆரம்பிப்பார், ரயிலுக்கும் திடீரென்று எடை வந்துவிடும்.

அப்புறம் சத்தம். ஒருமுறை ‘அரிய காட்சிகள்’ என்ற அட்டையை நம்பி ஒரு டிவிடி வாங்கினேன். யார் வெளியிட்டது என்பது இங்கே வேண்டாம். முதல் பத்து நிமிடத்திலேயே காதில் ஏதோ உறுத்தியது. சாதாரண இரண்டு சிலிண்டர் இன்ஜின், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை ‘சுஃப்’ என்னும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு முறை. வேகம் எடுத்த பிறகு எண்ணவே முடியாது, நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது எண்ணலாம். திரையில் இருந்தது மூன்று சிலிண்டர் இன்ஜின், எனக்குக் கேட்டது நாலு. போகட்டும் என்று விட்டேன். அடுத்து வந்த வேறோர் இன்ஜினுக்கும் அதே நாலு, அதே இடத்தில் அதே விசில். ஒரே ஒலித்துண்டைப் படம் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்! இத்தனைக்கும் அசல் சத்தம் இல்லாமல் இல்லை. பீட்டர் ஹேண்ட்ஃபோர்டு என்ற ஒலிப்பதிவாளர் 1950களிலிருந்தே கருவியைத் தூக்கிக்கொண்டு பாதையோரம் பாதையோரமாகப் போய் நீராவி இன்ஜின்களைப் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டவர். பின்னாளில் சினிமா ஒலிப்பதிவுக்காக ஆஸ்கரும் வாங்கினார். படத்தை ஊமையாக விட்டுவிட்டு, அவர் பதிவுகளை விளக்கணைத்துத் தனியாகக் கேட்பது எவ்வளவோ மேல்.

சரி, நல்லது எங்கே கிடைக்கும்? ‘நீராவி ரயில்’ என்று தேடாதீர்கள். பாதையின் பெயர், இன்ஜின் வகை, முடிந்தால் இன்ஜின் எண், வருஷம் என்று தேடுங்கள். நீராவி இன்ஜினை ஜெர்மன்காரர்கள் டாம்ஃப்லோக் என்பார்கள், போலந்தில் பரோவூஸ். அந்தந்த மொழியின் எழுத்திலேயே தேடினால் ஆங்கிலத் தலைப்பு இல்லாத புதையல்கள் வெளியே வரும். சீனாவில் 2005 கடைசி வரை பெரிய பாதையில் நீராவி ஓடியது, அதனால் வீடியோ கேமரா காலத்துக் காட்சிகளே ஏராளம். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-இல் தன்னுடைய 85,000 படங்களை யூடியூபில் கொட்டியது. அதில் ரயில் துணுக்குகள் நிறைய இருந்தாலும் செய்திப் படம் என்பதால் ரயில் கண்ணில் பட்டு மறைவதற்குள் அமைச்சர் ரிப்பன் வெட்ட வந்துவிடுவார். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் படக் காப்பகம், யார்க்‌ஷயர் படக் காப்பகம் மாதிரியானவை எனக்கு அதைவிடப் பிடிக்கும். எந்த ஊர், எந்த வருஷம் என்ற குறிப்போடு வைத்திருப்பார்கள்.

தொழில்முறைப் படங்கள் என்றால் 1949-இல் தொடங்கிய பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ்தான். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அவற்றைத் தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறது. எல்லோரும் ‘எலிசபெத்தன் எக்ஸ்பிரஸ்’ பாருங்கள் என்பார்கள். 1954 படம். அதில் வரும் ரயில் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 393 மைல் போகும், நடுவில் ஓர் இடத்திலும் நிற்காது. டிரைவர் மாற வேண்டுமே? இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கரித்தொட்டிக்குள்ளேயே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து வைத்திருந்தார்கள், ஓடுகிற ரயிலில் அதன் வழியாக அடுத்த ஜோடி வந்து பொறுப்பேற்கும். அற்புதமான விஷயம். ஆனால் பின்னணியில் படம் முழுக்க எதுகை மோனையோடு செய்யுள் படிக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

நான் பார்க்கச் சொல்வது ‘ஸ்னோடிரிஃப்ட் அட் பிளீத் கில்’ என்ற படம். 1955, பத்து நிமிடம் இருக்கும். வட இங்கிலாந்தின் ஸ்டெயின்மோர் மலைப்பாதையில் ஒரு சரக்கு ரயில் பனியில் புதைந்துவிட்டது. கதை அவ்வளவுதான். ஆட்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள், வெட்டுகிறார்கள், காற்று திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறது, மறுபடி வெட்டுகிறார்கள். இன்ஜினின் கம்பிகளெல்லாம் உறைந்து கிடக்கின்றன, துணிப்பந்தம் கொளுத்தி ஒவ்வொன்றாகச் சூடு காட்டுகிறார்கள். கடைசியில் சக்கரம் அசையும்போது நம் தோளிலிருந்தும் ஏதோ இறங்கும். அந்தப் பாதை 1962-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் 78018 என்ற அந்த இன்ஜின் பாதுகாக்கப்பட்டு இன்றும் இருக்கிறது.

போலியைக் கண்டால் பிடிக்காது என்கிற நான் ‘நைட் மெயில்’ படத்தை மட்டும் எப்படி விட்டேன் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1936-இல் வந்த, இரவுத் தபால் ரயிலைப் பற்றிய அந்தப் படத்தில் தபால் பிரிக்கிற பெட்டி ஸ்டுடியோவில் போட்ட செட். ரயில் ஆடுகிற மாதிரி உள்ளே இருந்தவர்கள்தான் ஆடிக் காட்டினார்கள். ஆனால் ஆடியவர்கள் நிஜமான தபால் ஊழியர்கள், தினமும் செய்கிற வேலையைத்தான் செய்துகாட்டினார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து தபால் பையைப் பாதையோர வலையில் சேர்க்க வேண்டும். எப்போது நீட்டுவது? இரண்டு பாலம் தாண்டி, தண்டவாள இணைப்பில் விழும் தட்டு நாற்பத்தைந்து எண்ண வேண்டும் என்று புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கணினி பூசும் நீலத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாரபட்சம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனாலும் நான் கடைசியில் போய் நிற்பது பெயர் தெரியாத வீட்டுக் கேமராக்காரர்களிடம்தான். பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரிய பாதைகளில் நீராவி 1968 ஆகஸ்ட் 11-ஓடு முடிந்தது. அதற்கு முந்தைய சில வருஷங்கள் இவர்கள் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் அலைந்திருக்கிறார்கள். 8 மி.மீ. சுருள் ஒன்று நாலு நிமிடம்தான் வரும். கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டும், ஒரு தரம் முறுக்கினால் அரை நிமிடம் ஓடினாலே அதிகம். அதனால் யாரும் கண்டபடி எடுக்கவில்லை. புகை தெரிகிறவரை காத்திருந்து, ரயில் நெருங்குகிற நேரம் பார்த்து விசையை அழுத்தியிருக்கிறார்கள்.

நேற்று கடைசியாகப் பார்த்தது அப்படி ஒன்று. ஒலி இல்லை, கோடு கோடாகக் கீறல், சக்கரமும் புகையும் முழுசாகத் தெரிந்தன. கறுத்துப்போன இன்ஜின், அதன் பின்னால் கரி வேகன்கள். எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு. கடைசியில் கார்டின் பெட்டி வளைவில் திரும்புகிறது, அவர் வெளியே சாய்ந்து கேமராவைப் பார்த்துவிட்டார், கை மேலே வருகிறது. சாவி தீர்ந்துவிட்டது, படம் நின்றுவிட்டது. கையை ஆட்டினாரா, தொப்பியைச் சரிசெய்தாரா என்று திரும்பத் திரும்ப மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.