ஹெமிங்வே படித்தது தனியார் பள்ளி அல்ல

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே "பணக்காரர்களுக்கான தனியார் பள்ளியில் படித்தவர், போருக்குப் போன பிறகே எழுத வந்தவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

அவர் 1917-இல் படித்து முடித்தது ஓக் பார்க் அண்ட் ரிவர் ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளியில். சிகாகோவை ஒட்டி மேற்கே இருக்கும் புறநகரின் அரசுப் பள்ளி அது. உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. ஓக் பார்க் வசதியான ஊர்தான், அவர் அப்பாவும் மருத்துவர்தான். அதனால் பள்ளி தனியார் பள்ளியாகிவிடாது.

எழுத்து விஷயத்தில்தான் அந்தப் பள்ளிக்குப் பெரிய அநியாயம் செய்கிறோம். 'டிரப்பீஸ்' என்ற பள்ளிச் செய்தித்தாளில் அவர் தொடர்ந்து எழுதினார், கடைசி ஆண்டில் அதன் ஆசிரியர்களில் ஒருவராகவும் இருந்தார். விளையாட்டுப் பத்தி எழுத்தாளர் ரிங் லார்ட்னரின் நடையைப் பார்த்து எழுதிப் பழகியதும் அங்கேதான். 'டாபுலா' என்ற பள்ளி இலக்கிய இதழில் 1916-இல் மூன்று சிறுகதைகள் வந்தன. ஒன்று குத்துச்சண்டைக் கதை. இன்னொன்று வடக்கே பனிக்காட்டில் பொறி வைத்து விலங்கு பிடிக்கும் இருவரைப் பற்றியது. பதினாறு வயதுப் பையன் எழுதியது என்று நம்பவே முடியாத இறுக்கம் அதில் உண்டு. முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனைக்கு அவர் போனதோ அதற்குப் பிறகு, 1918-இல்.

மெக்டொனால்ட்ஸை வளர்த்த ரே கிராக்கும் அந்தப் பள்ளியில் "பட்டம் பெற்றார்" என்று சொல்லப்படுவதையும் திருத்திவிடுங்கள். அவர் படித்தது அங்கேதான், ஆனால் வயதைக் கூட்டிச் சொல்லி செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பயிற்சிக்குப் போனவர், படிப்பை முடிக்கவில்லை.