கட்டடத்தைக் காப்பாற்றியவர் பெயர் பலகையில் இல்லை

வேலூர் மண்டித் தெருப் பக்கம் இருந்த பழைய வெல்ல மண்டிக் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். இடித்துவிட்டு நாலு மாடி காம்ப்ளக்ஸ் கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அப்படிச் செய்யாத அந்தக் குடும்பத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

வேலையும் அவசரமில்லாமல் நடந்தது. சுண்ணாம்புச் சுவர்மேல் பின்னாளில் பூசிய சிமெண்டை முதலில் கொத்தி எடுத்தார்கள். சிமெண்ட் சுவரின் ஈரத்தை வெளியே விடாது, உள்ளே செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்துவிடும். அப்புறம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார்கள். மேலே மரச்சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையை அப்படியே வைத்துக்கொண்டு, உளுத்துப்போன மரச்சட்டங்களை மட்டும் மாற்றினார்கள்.

சரி, முகப்பு? திண்ணைத் தூண்களை என்றைக்கோ பெயர்த்துவிட்டு ஷட்டர் போட்டிருந்தார்கள். பழைய வரைபடம் ஏதும் கிடையாது. பழைய முகப்பு கிடைத்தது எங்கள் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பாயின் நெகட்டிவ் டப்பாவிலிருந்துதான்.

ஆயுத பூஜை அன்று மண்டிக்காரர்கள் வருஷா வருஷம் அவரைக் கூப்பிடுவார்கள். தராசுக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்து, மூட்டை தூக்குபவர்கள், கணக்குப்பிள்ளை, முதலாளி எல்லாரும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். பாய் எடுத்தது ஆட்களைத்தான், கட்டடம் பின்னால் தானாக விழுந்தது. நூற்றிருபது என்ற அகல பிலிமின் சதுர நெகட்டிவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தச்சர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தூண் தலையில் இருந்த வாழைப்பூ முனையும், கதவுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடியின் சட்டங்களும் தெளிவாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் புதுத் தூண்களைச் செதுக்கினார்.

திறப்பு விழாவில் இன்ஜினியருக்குச் சால்வை போட்டார்கள், பொருத்தம்தான். பாய் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அவர் சிறுவனாக ஸ்டுடியோவில் சேர்ந்தது ஹைப்போ என்ற ரசாயனத்தில் பிரிண்ட் கழுவத்தான். பிறகு டச்சிங் கற்றுக்கொண்டார். பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டி, விளக்குக்கு மேலே நெகட்டிவை வைத்து, அம்மைத் தழும்பு ஒவ்வொன்றின்மேலும் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் கருத்த இடம் பிரிண்டில் வெளுத்து வரும், தழும்பு போய்விடும். "தம்பி, ரொம்பப் போட்டா ஆளே மாறிடுவான்" என்பார்.

கம்மவான்பேட்டைப் பட்டாளக்காரர்கள் லீவு முடிந்து கிளம்பும் முன்னால் மனைவியோடு வந்து நிற்பார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் பாஸ்போர்ட் சைஸுக்கு வருவார்கள். நம் ஊர் மனிதர்களின் ஒரு தலைமுறை முழுக்க அவர் டப்பாக்களில் இருக்கிறது. கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, அப்புறம் செல்போன். ஸ்டுடியோவை மூடிவிட்டார்.

பல ஊர்களில் ஸ்டுடியோக்காரர்கள் பழைய நெகட்டிவை, அதிலிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்களிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பாய் போடவில்லை. ஆனால் சில டப்பாவைத் திறந்தால் இப்போது வினிகர் வாடை அடிக்கிறது. அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்ததற்கு அதுதான் அடையாளம். சூட்டிலும் புழுக்கத்திலும் அது வேகமாகக் கெடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! சுருங்கி வளைந்துபோனால் அதை ஸ்கேன் செய்வதே பெரும்பாடு.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அதனால் பாயின் நெகட்டிவுகளைக் காப்பாற்றுவது நடக்காத காரியம் இல்லை. ஊரில் யாராவது முதலில் கேட்க வேண்டும்.

மண்டிக் குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால், மாடியில் காலியாக இருக்கும் பின் அறையைப் பாயின் நெகட்டிவுகளுக்குக் கொடுங்கள். ஒரு ஏ.சி., ஒரு ஸ்கேனர், கற்றுக்கொள்ள ஆசையுள்ள ரெண்டு பிள்ளைகள் போதும். எந்த முகம் யார் என்று சொல்ல அவர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பெயர்ப் பலகையில் அவர் பெயரையும் சேருங்கள். ஸ்கேன் செலவுக்கு என் பங்கைத் தருகிறேன், சேர விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.