எட்டாம் இலக்க ட்ராம்

சனிக்கிழமைகளில் சுவிஸின் எல்லை நகரமான பாசலின் எட்டாம் இலக்க ட்ராமில் நிற்க இடம் கிடைக்காது. கிளைன்ஹ்யூனிங்கன் தாண்டினால் ஜெர்மனியின் வைல் அம் ரைன். அங்கே சாமான் மலிவு. வெறுமையாகப் போகும் இழுவைப் பைகள் பிதுங்கிக்கொண்டு திரும்பும். வரியை மீளப்பெறும் பச்சைத் துண்டுக்கு முத்திரை குத்த, சுங்கத்தில் சனம் வரிசையாக நிற்கும். 2014 டிசம்பரிலிருந்து இந்த ட்ராம் நாடு விட்டு நாடு போகிறது. என் மகள் எல்லையில் ஒருநாளும் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் பேசாமல் இருப்பேன். எனக்கு இலங்கையின் ஏ9 வீதி நினைவுக்கு வரும்.

2004இல், சமாதான காலத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். ஓமந்தையில் இராணுவம், புளியங்குளத்தில் புலிகள், பளையில் மறுபடி புலிகள், முகமாலையில் மறுபடி இராணுவம். ஒரே நாட்டில், ஒரே வீதியில் நாலு சோதனை. ஒவ்வொரு இடத்திலும் பையை இறக்கி, திறந்து, கட்டி, ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு வாங்கிய சொக்லேட் மூன்றாவது இடத்திலேயே உருகி, புதுச் சேலையில் ஒட்டிவிட்டது. அம்மா அந்தச் சேலையைக் கழுவிக் கட்டினார். அப்படியாவது போக முடிந்ததே என்று சனம் நிம்மதிப்பட்ட காலம் அது. 2006 ஆகஸ்ட்டில் அந்த வீதியும் பூட்டப்பட்டது. பிறகு கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி கேட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அதற்கும் முன்பு, 1999இல், அப்பா செத்தபோது என்னிடம் இருந்தது சுவிஸ் தந்த எஃப் கார்ட். தற்காலிகமாக இருக்கலாம், நினைத்தபடி நாட்டை விட்டு வெளியே போகமுடியாது. செத்தவீட்டுச் செய்தி கொழும்பு வழியாக வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இன்று என் கையில் சிவப்புக் கடவுச்சீட்டு. பாரிசுக்கு மூன்று மணித்தியால ரயில். மிலானில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரவு வீட்டில் படுக்கலாம். 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சின்ன ஊரில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிய விஷயம் இது, எல்லைச் சோதனையில்லாமல் நாடு விட்டு நாடு போவது. சுவிஸ் 2008 டிசம்பரில்தான் அதற்குள் வந்தது. அந்த ஐந்தில் ஜெர்மனியும் பிரான்சும் உண்டு. அதற்கு நாற்பது வருடம் முன்பு ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த நாடுகள்! ஷெங்கனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

இதில் என் திறமை ஒன்றும் இல்லை. என் அக்கா என்னைவிடப் படித்தவர், முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவர். என் மகளின் சாமத்தியவீட்டுக்கு வர விசாவுக்குப் போட்டார். மறுத்து ஒரு தாள் வந்தது. திரும்பிப் போவார் என்பதில் சந்தேகம் என்ற வரிக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு புள்ளடி. அவ்வளவுதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், கையில் இருக்கும் புத்தகம் மட்டும் வேறு.

அதனால்தான், நம் ஆட்களே ஒன்றுகூடல்களில் "இனி ஒருத்தரையும் உள்ள விடக்கூடாது, போடர இறுக்கோணும்" என்று சொல்லும்போது என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை. நாங்கள் எப்படி வந்தோம்? எத்தனை பேருடைய காணி ஈடு போனது? போன மாதமும் இதற்காக ஒருவருடன் சண்டை பிடித்தேன். இனியும் பிடிப்பேன்.

இந்தச் சுதந்திரம் நிரந்தரம் என்றும் நான் நம்பவில்லை. 2023 ஒக்டோபரிலிருந்து ஜெர்மனி சுவிஸ் எல்லையில் மறுபடி சோதிக்கத் தொடங்கியது. ஒருநாள் எங்கள் ட்ராமிலும் சீருடைக்காரர் இருவர் ஏறினார்கள். கார்டைப் பார்த்து, நன்றி சொல்லித் திருப்பித் தந்தார்கள். என் விரல்கள் மட்டும் வீடு வரும்வரை நடுங்கின.

போன வெள்ளி மகள் சிநேகிதிகளுடன் பாரிசுக்குப் புறப்பட்டாள். "ஐசி எடுத்தியா பிள்ளை?" என்றேன். "ஓமப்பா" என்றபடி படியிறங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அடையாள அட்டை மேசையில் கிடக்கிறது. செருப்பைக்கூடப் போடாமல் ட்ராம் தரிப்பிடம்வரை ஓடினேன்.