பிரசாரம் புதிதல்ல
இப்போதுதான் தமிழ்ப் படங்களில் அரசியல் பிரசாரம் புகுந்தது, அந்தக் காலத்தில் கதை மட்டுமே இருந்தது என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விடுதலைப் போராட்டத்தை ஆதரிக்கிறது என்று 'தியாக பூமி'யை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. அது 1939-ல் வந்த படம். 1952-ல் வந்த 'பராசக்தி'யின் கோர்ட் காட்சி கிட்டத்தட்ட மேடைப் பேச்சேதான். எங்கள் அப்பா அந்த வசனத்தைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர், இன்றும் மூச்சு விடாமல் சொல்வார். எனக்கும் அது பிடிக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் சாதிக் கொடுமையைப் பற்றி 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' அதைவிட உரக்கப் பேசுகிறது என்று மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்வது எப்படி என்று புரியவில்லை. கடைசியில் நாயகன் பரியனும் அவன் தோழி ஜோவின் அப்பாவும் பேசி முடித்ததும் இரண்டு டீ கிளாஸ்கள், நடுவில் ஒரு பூ, அவ்வளவுதானே! கோஷம் இல்லை, தீர்ப்பு இல்லை. நான் பார்த்த தியேட்டரில் விளக்கு போட்ட பிறகும் பக்கத்து சீட்டுப் பெரியவர் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பராசக்தி'க்குக் கைதட்டிவிட்டு இதை மட்டும் பிரசாரம் என்று ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்? கட்டுரையாளர் இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.