சம்பள ஞாயிறு யார் கணக்கில்?

எங்கள் நகரசபை போன வாரம் நான்கு பக்கத்தில் ஓர் அறிக்கை விட்டிருக்கிறது. குப்பை, வீதிக் குழி, நெரிசல் என்று எதிர்த்தரப்பு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லும் குற்றச்சாட்டுகளுக்குப் பதிலாம். நான் அதை மூன்று தடவை வாசித்துவிட்டேன். அரசியல் ஆர்வம் ஒன்றும் இல்லை. அந்த அறிக்கையைக் கொப்பி எடுத்ததே என் போட்டோகொப்பிக் கடையில்தான். நடுவில் மெஷின் சூடாகி இரண்டு தடவை நின்றது, சும்மா நிற்கிற நேரத்தில் வேறு என்னத்தை வாசிப்பது?

குற்றச்சாட்டு நோட்டீசும் என் கடையில்தான் கொப்பியானது. பக்கத்துக்குப் பத்து ரூபாய், மொத்தமாக எடுத்தால் கொஞ்சம் குறைப்பேன், இரு தரப்புக்கும் ஒரே விலை. என் நடுநிலை இவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த ஊரோடு, அந்தத் தவிசாளரோடு முடிந்துவிடும். பஸ் நிலையமும் ஞாயிற்றுச் சந்தையும் சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்களும் உள்ள எந்த மலையக டவுனில் இருப்பவரும் தன் ஊரை வைத்து வாசிக்கலாம்.

முதலில் ஒரு வேடிக்கை. என் மேசை லாச்சியில் 2023 ஜனவரியில் எடுத்த நோட்டீஸ் ஒன்று கிடக்கிறது. அந்த வருடம் மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்றார்கள். வேட்புமனுவெல்லாம் போட்டு, போஸ்டர் ஒட்டி, கடைசியில் காசில்லை என்று நிறுத்தினார்கள். மார்ச் 19ஆம் திகதியோடு சபைகளின் காலமும் முடிந்தது. அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாமல் அதிகாரிகள்தான் சபைகளை ஓட்டினார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் சொன்னது. வாக்குப் போட்டது 2025 மே 6ஆம் திகதி.

இப்போது மாகாண சபைத் தேர்தல் வரும் வரும் என்கிறார்கள். மத்திய மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பரில். அதன்பின் பிறந்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள். திகதி இன்னும் இல்லை, ஆனால் மேடை போட்டாயிற்று. மேடையில் அடி வாங்குவது என்னவோ நகரசபைதான்.

2023 நோட்டீசையும் இப்போதைய நோட்டீசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குப்பை மேட்டுப் படம் அதே படம்! பின்னால் தெரிகிற புடவைக்கடை பூட்டி ஒன்றரை வருடம், அந்த இடத்தில் இப்போது போன் கடை. நோட்டீசில் மட்டும் புடவைக்கடை இன்னமும் திறந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, அன்றைக்குக் குற்றம் சொன்னவர்கள் இன்று சபையில் இருந்து பதில் சொல்கிறார்கள். அன்றைக்குப் பதில் சொன்னவர்கள் இன்று குற்றம் சொல்கிறார்கள். ஆள் இடம் மாறினார்களே தவிர வசனம் மாறவில்லை. 'வரையறுக்கப்பட்ட வளங்களுக்கு மத்தியிலும்' என்ற தொடர் இரண்டு பதில்களிலும் முதல் பக்கத்தில் நிற்கிறது.

சரி, அறிக்கைக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால் அதில் பொய் அதிகம் இல்லை. பிரதான வீதியில் குழி என்றால் அது நகரசபையின் வேலை இல்லை, உண்மைதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சமிருக்கிற ஒழுங்கைகளும் படிக்கட்டுகளும் சபைக்கு. இது மேடையில் முழங்குகிறவருக்கும் தெரியும், அவரும் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவர்தானே. தெரிந்துகொண்டே கேட்கிறார், கைதட்டுகிறார்கள். அந்த இடத்தில் நான் சபையின் பக்கம்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. கொப்பி எடுக்கும்போதே கண்ணில் குத்தியது. குப்பை ஏன் கூடுகிறது என்பதற்கு விளக்கம்: 'நகர எல்லைக்கு வெளியிலிருந்து வருவோரால் கழிவுகள் அதிகரித்துள்ளன.' எதிர்த்தரப்பு நோட்டீசை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே ஆட்கள்: ஞாயிறுகளில் 'வெளியார் வருகையால்' நெரிசல், சபை ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிற இரண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

யார் அந்த வெளியார்? என் அக்கா.

அக்கா டவுனிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் தள்ளியிருக்கிற தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு காம்பராவில் பிறந்தவன்தான். மாதம் பத்தாம் திகதிவாக்கில் சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிறு காலை ஏழரை பஸ்ஸுக்கு அந்த லயமே ஏறும். அரிசி, மா, பருப்பு, பிள்ளைகளுக்குக் கொப்பி, அடகுக் கடையில் வட்டி, நேரம் இருந்தால் கோயில். அந்த ஒரு நாளில்தான் இந்த டவுனுக்கு உயிர் வருகிறது. என் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் பத்து நாள் ஈ ஓட்டுகிறேன். சம்பள ஞாயிறில் சாப்பிட நேரம் கிடைக்காது. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) படிவம், அடையாள அட்டை விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் பள்ளிக்கூடப் பதிவில் இன்னொரு பெயருமாக இருக்கிற பிள்ளைக்குச் சத்தியக் கடதாசி, எல்லாம் அன்றைக்குத்தான்.

அக்கா சம்பள ஞாயிறு காலையில் தேத்தண்ணி குடிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிற எனக்கு அது போன வருடம்தான் தெரியவந்தது. பன்னிரண்டு மணிபோல கடைக்கு வந்து உட்கார்ந்தாள், சோடா வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். தண்ணீராவது குடி என்றேன். "ஒனக்கென்னடா தம்பி, நீ ஆம்பள. எங்கயாச்சும் போயிட்டு வந்துருவ. நா லயத்துக்குப் போய்தான்டா போகணும்" என்றாள். காலை ஏழரையிலிருந்து பின்னேரம் நாலு மணிவரைக்கும்.

பஸ் நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள், 'நவீனமயப்படுத்தப்பட்டு மக்கள் பாவனைக்குக் கையளிக்கப்பட்டது' என்று. பொய்யில்லை, டைல்ஸ் புதுசு. அக்கா போன பிறகு நானே போய்ப் பார்த்தேன், பெண்கள் பக்கம் எப்படி என்று வாசலில் காசு வாங்குகிறவரிடம் கேட்டேன். ஐந்து கதவு, இரண்டைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. அவர் டிரம்மில் பிடித்து வைத்து, ஆளுக்கு அரை வாளி ஊற்றிக் கொடுக்கிறார். இருபது ரூபாய். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, டெண்டர் எடுத்தவர் வேறு ஆள், இவர் நாள் சம்பளத்துக்கு வாளியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கழிப்பறை டெண்டர் காசு சபைக்கு. வாகனத் தரிப்பிட டிக்கட் காசு சபைக்கு. ஞாயிற்றுச் சந்தை நிலவாடகை சபைக்கு. நாங்கள் கட்டுகிற கடை வாடகையும் வியாபார அனுமதிப்பத்திரக் காசும் சபைக்கு. அந்தக் காசையெல்லாம் நாங்கள் எங்கிருந்து கட்டுகிறோம்? அக்காவின் மடியிலிருந்துதான். ஆனால் அக்காவின் வாக்கு இந்தச் சபைக்கு இல்லை. அவளுடைய தோட்டம் டவுனுக்கு வெளியே உள்ள இடங்களைப் பார்க்கிற ஒரு பிரதேச சபைக்குள் வருகிறது. செலவு இங்கே, வாக்கு அங்கே. அதனால்தான் குற்றச்சாட்டிலும் அவள் இல்லை, பதிலிலும் இல்லை. குப்பை என்ற இடத்தில் மட்டும் வருகிறாள், பெயர் இல்லாமல், வெளியாராக.

வாக்கு இருக்கிற அந்தப் பிரதேச சபையில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டியே தோட்டத்துக்குள் சபைக் காசு செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். தோட்டத்து ஆள் வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகக்கூட வரலாம், ஆனால் தன் லயத்துக்கு முன்னால் ஒரு வடிகால் கானைக் கட்ட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் தலா இரண்டு இலட்சத்துக்கு மேல் சனத்தை வைத்துக்கொண்டு திணறியதும், அவற்றைப் பிரித்து ஆறாக்கியதும் அந்தக் காலத்தில்தான். நல்லது. ஆனால் சட்டம் திருந்தினாலும் தோட்டத்து நிலம் கம்பனியின் குத்தகையில்தான் இருக்கிறது. லயத்துக்குக் குப்பை எடுக்க டிராக்டர் வருவதை அக்கா இன்னும் பார்த்ததில்லை. டவுனில் வாங்கிக்கொண்டு போகிற பொலித்தீன் லயத்துக்குப் பின்னால் ஓடையில் விழும். இந்த மலைகளில் ஒரு பக்கம் விழுந்தால் களனிக்கும் மறுபக்கம் விழுந்தால் மகாவலிக்கும் போகும். களனித் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. எல்லை என்று நாங்கள் போடுவதெல்லாம் காகிதத்தில்தான், ஓடைக்கு எந்தச் சபை என்று தெரியாது.

நான்காம் பக்கம் 'நகர வளர்ச்சி'. இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இத்தனை புதிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தோம் என்று எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் புகாரோ, அனுமதி கொடுக்கத் தாமதிக்கிறார்கள் என்பது. எங்கள் டவுனில் கட்டடம் எப்படி வளரும் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் மூன்று மாடி, பின்னால் பள்ளத்திலிருந்து பார்த்தால் ஐந்து. கீழ் இரண்டும் கொங்கிரீட் தூணில் நிற்கும். என் கடை இருக்கிற கட்டடமும் அப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இரண்டு இரவு நாங்கள் ஒருவரும் அங்கே படுக்கவில்லை. மழை விட்ட பிறகு பின்னால் இறங்கிப் பார்த்தேன். ஒரு தூணின் அடி மண் கழுவுப்பட்டு, ஆள் கை போகிற அளவுக்கு இடைவெளி. உரிமையாளரிடம் சொன்னேன், கல் போட்டுச் சீமெந்து பூசிவிட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு இடத்தில் இந்த வாடகைக்குக் கடை கிடைக்காது.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களோடு சேர்த்து மண் மூடியதை இந்தப் பக்கத்தில் மறந்தவர் யாரும் இல்லை. சபை கொடுத்த அனுமதிகளில் எத்தனைக்கு அந்த அறிக்கை இருந்தது என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. அதைக் கேட்டு எதிர்த்தரப்பு நோட்டீசிலும் ஒரு வரி இல்லை. கேட்டால் தங்கள் காலத்தில் கொடுத்ததும் வெளியே வந்துவிடுமே.

எனக்குச் சபை மேல் பெரிய கோபம் இல்லை. ஓடுகிற டிராக்டர் ஒன்று, திருத்தத்தில் நிற்கிற டிராக்டர் ஒன்று, அதை வைத்துத்தான் முழு டவுனையும் கூட்டுகிறார்கள். காலை ஐந்து மணிப் பனியில் கானுக்குள் இறங்குகிற நகரசபைத் தொழிலாளியும் ஒரு லயக் காம்பராவில்தான் இருக்கிறார், சபையின் லயத்தில். என் மனத்தாங்கல் அந்தப் பதில் எழுதப்பட்ட விதத்தில். குற்றம் சொன்னவரை மடக்குவதற்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் அவர் கேட்காதது எதற்கும் பதில் வரவில்லை. அவரோ வாக்குக் கிடைக்காத இடத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

அப்போ நான் கேட்டால் என்ன என்று தோன்றியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்களுக்கு எத்தனையோ விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கென்று ஒன்றும் போட்டதில்லை. மூன்று கேள்வி எழுதினேன். பஸ் நிலையக் கழிப்பறை டெண்டரில் போன வருடம் சபைக்கு வந்தது எவ்வளவு, அதன் தண்ணீருக்கும் திருத்தத்துக்கும் செலவழித்தது எவ்வளவு? சந்தையிலும் தரிப்பிடத்திலும் ஞாயிறுகளில் வசூலாவது எவ்வளவு, அன்றைக்குக் குப்பை டிராக்டர் எத்தனை தடவை ஓடுகிறது? கொடுத்த கட்டட அனுமதிகளில் எத்தனைக்கு மண்சரிவு அறிக்கை இருந்தது? மூன்றாவது கேள்வியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. தூண் ஞாபகம் வந்தது. எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை தகவல் அலுவலரிடம் கொடுத்தேன். நல்ல மனுஷன், வாசித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, பற்றுச்சீட்டில் திகதி முத்திரை குத்தித் தந்தார். பதினான்கு வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குள் ஒரு சம்பள ஞாயிறு வரும்.

செவ்வாய்க்கிழமை காலையில் எதிர்த்தரப்புத் தம்பி ஒருவர் கடைக்கு வந்து, "அண்ணே, அந்தக் கடிதத்துல ஒரு கொப்பி கெடைக்குமா?" என்றார். மத்தியானம் சபையில் இருக்கிற உறுப்பினரின் ஆள் வந்து அதையே கேட்டார். இருவருக்கும் கொடுத்தேன். பத்து ரூபாய்.