மொக்கைப் படத்துக்கு எதற்கு மார்க்?

ரசிகர்கள் பத்துக்கு மார்க் போடும் ஐஎம்டிபி தளத்தில் 3.2 வாங்கிய ஒரு படத்தை நடுராத்திரியில் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியாது. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மற்றவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம், பதிவு கொஞ்சம் நீளம்.

கல்ட் படங்களுக்கும் (ஊரே ஒதுக்கினாலும் ஒரு சின்னக் கூட்டம் விடாமல் கொண்டாடுகிற படங்கள்) குறைந்த பட்ஜெட் படங்களுக்கும் ஒரு காலத்தில் தலையணை கனத்தில் வழிகாட்டிப் புத்தகங்கள் வந்தன. எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே, இனிமேல் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. பெரிய படங்களுக்குத்தான் கையேடு தேவையில்லை. யார் நடித்தது, என்ன கதை, ஓடியதா ஓடவில்லையா என்பதெல்லாம் பார்ப்பதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. பெயர் தெரியாத ஆள், பெயர் தெரியாத ஊரில், கடன் வாங்கி எடுத்த படத்துக்குத்தான் கையேடு வேண்டும். அதுவும் மார்க் போடுகிற கையேடு வேண்டாம். ஒரு ஆள் உட்கார்ந்து படத்தை முழுசாகப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும்.

மார்க் ஏன் வேண்டாம் என்கிறேன்? இரண்டு படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாருமே பாதியில் கொட்டாவி விட்டு, போனால் போகிறது என்று 3 கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். இரண்டாவது படத்தை முக்கால்வாசிப் பேர் திட்டித் தீர்த்து 1 கொடுத்திருக்கிறார்கள், மீதிக் கால்வாசிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு 10 கொடுத்திருக்கிறார்கள். கூட்டி வகுத்துப் பாருங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கும். முதல் படத்தைத் தொடவே வேண்டாம். இரண்டாவது படத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாம். கல்ட் படம் என்பதே அந்தக் கால்வாசிப் பேரின் விவகாரம்தான். சராசரி முதலில் தொலைப்பது அவர்களைத்தான். ஓட்டுகள் எப்படிப் பிரிந்தன என்று உள்ளே போய்த் தோண்டினால் தெரியும், சரி. ஆனால் அந்தக் கால்வாசிப் பேர் எதற்காகக் கொண்டாடினார்கள் என்பது அங்கேயும் தெரியாது.

மைக்கேல் வெல்டன் என்றொருவர். கிளீவ்லண்டில் மிரர்ஸ் என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். நியூயார்க்குக்கு வந்த பிறகு, 1980இல், அந்த வாரம் டிவியில் வரப்போகும் விசித்திரமான படங்களைப் பற்றிக் கையாலேயே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஒரு வாரப் பத்திரிகையாக விட்டார். சைக்கோட்ரானிக் டிவி என்று பெயர். வீடியோ கேசட் வீட்டுக்கு வீடு வராத காலம் அது. அகால நேரத்தில் ஒருமுறை ஓடி முடிந்த படம் அடுத்து எப்போது தலைகாட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 'இன்று ராத்திரி முழித்திருக்கலாமா' என்ற ஒரே கேள்விக்குத்தான் அந்தப் பத்திரிகை பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அவசரம்தான் அவருடைய எழுத்தின் ருசி.

1983இல் அது 'தி சைக்கோட்ரானிக் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலிம்' என்ற தடிப் புத்தகமானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பேய்ப் படம், வேற்றுக்கிரகப் படம், மோட்டார் சைக்கிள் ரவுடிப் படம், பெண்கள் சிறைப் படம், கடற்கரையில் ஆடிப் பாடும் இளசுகளின் படம் என்று மற்ற விமர்சகர்கள் வாசலிலேயே நிறுத்திவைத்த எல்லாவற்றுக்கும் உள்ளே இடம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிகள்தான். அரக்கன் எப்படி இருப்பான், யார் யார் தலைகாட்டுகிறார்கள், எந்தப் பாட்டுக்குழு நடுவில் வந்து வாசித்துவிட்டுப் போகிறது, படத்துக்கு வேறு என்ன பெயர். தீர்ப்பு குறைவு, விவரம் அதிகம். அந்த நாலு வரியைப் படித்தாலே இது நமக்கான படமா இல்லையா என்று தெரிந்துவிடும். அவருக்குப் பிடித்ததா என்பதுகூட அப்புறம்தான்.

இதோடு லெனார்ட் மால்டினின் கையேட்டை வைத்துப் பாருங்கள். 1969இல் தொடங்கி, பதிப்பு பதிப்பாகப் பருத்து, 2014இல் வந்த 2015ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. பிரமாதமான உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அது நாலு நட்சத்திரத்தில் தொடங்கி, கடைசியில் 'பாம்', அதாவது படு மோசம், என்று முத்திரை குத்துகிற புத்தகம். 1948இல் வந்த 'இஸின்ட் இட் ரொமான்டிக்?' ('இது ரொமான்டிக்காக இல்லையா?') என்ற படத்துக்கு அதில் ஒரே வார்த்தையில் விமர்சனம்: 'நோ'. படித்துவிட்டு நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒன்றுமே தெரியாது.

இன்னொரு வகைப் புத்தகம் உண்டு, அதன் மேல் எனக்குத் தீராத கோபம். கிண்டல் கையேடுகள். ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் சகோதரர்கள் 1980இல் 'தி கோல்டன் டர்கி அவார்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டு, எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்துக்கு எக்காலத்துக்கும் மோசமான படம் என்ற பட்டத்தைக் கட்டினார்கள். எட் வுட் 1978 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். திட்டுவதற்காகவாவது உலகம் தன்னைத் தேடியது என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. அந்தப் பட்டத்தால்தான் படம் பிழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிகசிக்கப் போனவர்களில் பலர் ரசிகர்களாகத் திரும்பி வந்தார்கள். 1994இல் டிம் பர்டன் எட் வுட்டைப் பற்றியே ஒரு படம் எடுத்தார். ஆக, மெட்வெட் சகோதரர்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னிடம் ஒற்றை வரிப் பதில் இல்லை. இன்னொரு குறும்பும் செய்தார்கள்: இல்லவே இல்லாத ஒரு படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகர்களுக்குச் சவால் விட்டார்கள். நோர்வே நாட்டு நாய் ஒன்றைப் பற்றிய படமாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களை மன்னிக்கிறேன்.

ஆனால் 'மிக மோசமான படம்' என்ற பேச்சே தப்பு. உண்மையிலேயே மோசமான படம் சலிப்பூட்டும் படம். பார்த்த மறுநாள் ஒரு காட்சிகூட நினைவில் நிற்காத படம். 'பிளான் 9' படப்பிடிப்பு முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே, 1956இல், அதில் நடிக்க வேண்டிய பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசி இறந்துபோனார். முன்பு எடுத்து வைத்திருந்த சில நிமிடக் காட்சிகளோடு, தன் மனைவிக்கு முதுகு வலி வைத்தியம் பார்த்தவரைக் கொண்டுவந்து, அங்கியால் முகத்தை மூடி நடக்கவிட்டு மீதிப் படத்தை முடித்தார் எட் வுட். இதை யாரால் மறக்க முடியும்?

கிண்டல் எதை மறைக்கிறது என்பதற்கு 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' நல்ல உதாரணம். 1966இல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் ஹரால்ட் வாரன் எடுத்தது. தொழில், உரம் விற்பது. படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி இறங்கியவர் என்பார்கள். கையில் இருந்தது சாவி கொடுத்து ஓட்டும் 16 மிமீ கேமரா, ஒரு தடவைக்கு அரை நிமிடம்தான் ஓடும். குரல் எல்லாம் பிறகு ஒட்டியது, அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே எல்லாருக்கும் பேசினார்கள். இந்த இரண்டு விவரமும் தெரியாமல் பார்த்தால் 'என்ன இப்படி வெட்டி வெட்டிப் போகிறது, பேச்சு ஏன் எங்கிருந்தோ வருகிறது' என்று எரிச்சல் வரும். தெரிந்துகொண்டு பார்த்தால் அதே வெட்டுகள் வேறு மாதிரித் தெரிகின்றன. ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா நிற்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க ஒரு கூட்டம் தவிக்கிறது. படம் நல்ல படமாகிவிடுகிறதா? இல்லை, இன்னமும் மொக்கைதான். ஆனால் பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கையேடு செய்ய வேண்டிய வேலை இதுதான். அதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டால் என்ன?

சரி, தகவல் பக்கம் வருவோம். இணையம் புத்தகத்தைத் தோற்கடித்த இடம் ஒன்று உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன்: பெயர்க் குழப்பம். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் வெளியானது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 1979இல் லூசியோ ஃபுல்சி எடுத்த சம்பந்தமே இல்லாத படத்துக்கு 'ஸோம்பி 2' என்று பெயர் வைத்தார்கள். அதே படம் அமெரிக்காவில் 'ஸோம்பி' ஆனது, பிரிட்டனில் 'ஸோம்பி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' ஆனது. அதாவது 'ஸோம்பி பார்த்தாயா' என்று ஒரு இத்தாலியரும் ஒரு அமெரிக்கரும் பேசிக்கொண்டால் ஆளுக்கொரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே படத்தை வேறு பெயர் என்று நினைத்து இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். இன்று இணையத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அத்தனை பெயர்களும் வந்து விழுகின்றன.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த வடிவம் என்றும் தெரிய வேண்டும். அதே 'டான் ஆஃப் தி டெட்' அமெரிக்கத் திரையரங்கில் 127 நிமிடம். இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ ஐரோப்பாவுக்காக வெட்டியது சுமார் 119 நிமிடம், இசையும் வேகமும் வேறு. டிம் லூகாஸ் 1990இல் தொடங்கிய 'வீடியோ வாட்ச்டாக்' பத்திரிகை கிட்டத்தட்ட இந்த ஒரே வேலையைக் கால் நூற்றாண்டு செய்தது. எந்தக் கேசட்டில் எந்தக் காட்சி காணோம், எந்த நாட்டுப் பிரதியில் முடிவு வேறு என்று வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். அந்தப் பைத்தியங்கள் எழுதிவைத்ததைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்று பழைய பிரதிகளைத் தேடிச் சீர்படுத்தி ப்ளூரேயில் போடுகிறார்கள்.

இடையில் ஒன்று. உலகத்திலேயே அதிகம் பயன்பட்ட கல்ட் படக் கையேட்டை எழுதியது பிரிட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகம் என்பேன். 1980களின் தொடக்கத்தில் கேசட்டில் வந்த வன்முறைப் படங்களை 'வீடியோ நாஸ்டி' (அருவருப்பான வீடியோ) என்று சொல்லிக் கூச்சல் கிளம்பியபோது, வழக்குத் தொடரத்தக்க படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். வெவ்வேறு சமயங்களில் அதில் மொத்தம் 72 படங்கள் இருந்தன. 39 படங்கள் மேல்தான் வழக்கு ஜெயித்தது. சோதனைக்குப் போன போலீஸ்காரர்கள் தலைப்பை மட்டும் பார்த்து, ஆபாசப் படம் என்று நினைத்து, 'தி பிக் ரெட் ஒன்' என்ற போர்ப் படத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போன கதையும் உண்டு. 1984இல் தணிக்கைச் சட்டமே வந்தது. விளைவு? ஒரு தலைமுறை ரசிகர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்த்தார்கள். அதில் பாதிக்கு மேல் சகிக்க முடியாத படங்கள். ஆனால் பட்டியலில் இருக்கிறதே!

கல்ட் என்றால் பட்ஜெட் இல்லாத படம் என்று நினைப்பவர்களுக்கு டேனி பியரியின் 'கல்ட் மூவீஸ்' புத்தகத்தைக் காட்டலாம். 1981. நூறு படங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரிக்குப் பதில் முழுக் கட்டுரை. பெரிய ஸ்டுடியோ எடுத்த 'காசாபிளாங்கா'வும் 'பிளான் 9'உம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எப்படி எடுத்தார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். திரும்பத் திரும்ப யார் பார்க்கிறார்கள், ஏன் என்பதுதான் கேள்வி. எனக்கு அவருடைய சில தேர்வுகள் பிடிக்காது, சண்டை போட்டுக்கொண்டேதான் படிப்பேன். அப்படிச் சண்டை போட எதிரே ஒரு ஆள் வேண்டும். சராசரி எண்ணோடு யாராவது சண்டை போட முடியுமா?

நல்ல கையேடுகள் நின்றுவிட்டன என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டீபன் த்ரோவரின் 'நைட்மேர் யுஎஸ்ஏ' 2007இல் வந்தது. அமெரிக்காவில் 1970களிலும் 80களின் முதல் பாதியிலும் பெரிய ஸ்டுடியோக்களின் நிழல்கூடப் படாமல் பேய்ப் படம் எடுத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்திருக்கிறார். 2010இல் வந்த 'டெஸ்ட்ராய் ஆல் மூவீஸ்' இன்னும் ஒரு படி மேல். பங்க் ராக் கூட்டத்து ஆசாமி ஒருவர் திரையில் தலைகாட்டினால் போதும், கூட்டத்தில் ஓரமாக நின்றாலும் சரி, அந்தப் படம் புத்தகத்தில் உண்டு. அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 2013இல் வந்த 'ப்ளீடிங் ஸ்கல்', வீட்டு வீடியோ கேமராவில் எடுத்தவை உட்பட, 80களின் மொக்கைப் பேய்ப் படங்களை நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறது. எந்த அல்காரிதமும் இப்படி ஒரு பட்டியலைப் போடாது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஒரு கிறுக்கு மனுஷன் வேண்டும்.

இன்று இணையத்தில் சுற்றும் 'சாவதற்குள் பார்க்க வேண்டிய 50 கல்ட் படங்கள்' வகையறாவில் எனக்குள்ள குறை இதுதான். பத்துப் பட்டியல்களை எடுத்தால் பத்திலும் நாற்பது படங்கள் அதேதான். எழுதியவர் அதில் எத்தனையைப் பார்த்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கதைச் சுருக்கம் கேசட் அட்டையிலிருந்து வந்திருக்கும், அட்டையை எழுதியவரும் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். இப்போது அதையும் எழுத ஒரு இயந்திரம் வந்துவிட்டது. இல்லாத நாய்ப் படத்தை மெட்வெட் சகோதரர்கள் தெரிந்தே நுழைத்தார்கள், இது சவாலெல்லாம் விடாமல் நுழைத்துவிடும்.

ஒரே ஒரு புத்தகம் வாங்கலாம் என்றால் எது என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். புரட்டிப் புரட்டிப் படிக்க வெல்டனின் 1983 புத்தகம், பழைய பிரதிதான் தேட வேண்டியிருக்கும். பேய்ப் படம் மட்டும் போதும் என்பவர்கள் த்ரோவர். இந்தியா, துருக்கி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஹாலிவுட்டுக்கு வெளியே சுற்ற விருப்பமுள்ளவர்கள் பீட் டோம்ப்ஸின் 'மோண்டோ மகாப்ரோ'. மெட்வெட் புத்தகம் யாராவது இரவல் கொடுத்தால் படியுங்கள், காசு கொடுக்காதீர்கள்.