டென்மார்க் யூரோ செட் அரசு நாணயம் அல்ல

ஒருவர், "டென்மார்க் 2002 யூரோ நாணய செட், அந்நாட்டு அரசு நாணயச்சாலை அடித்த சோதனைப் பதிப்பு, மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதால் நிறுத்தப்பட்டது, அதனால்தான் அரிது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. யூரோவுக்கு மாறலாமா என்று டென்மார்க்கில் வாக்கெடுப்பு நடந்தது 2000 செப்டம்பர் 28 அன்று. சுமார் 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிறகு 2002 என்று போட்டு அரசு எதற்காக அடிக்க வேண்டும்? அங்கே இன்றும் குரோன் என்ற சொந்த நாணயம்தான்.

இவை தனியார் கம்பெனிகள் சேகரிப்பாளர்களுக்காக அடித்த கற்பனை நாணயங்கள். பிரிட்டன், சுவீடன் பெயரிலும் இப்படி உண்டு. என்னிடம் உள்ள ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தால், 'யூரோ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஸீரோஸ்' என்றிருக்கிறது, ஓரத்தில் பொடி எழுத்தில் 'ப்ரோப்', அதாவது மாதிரி. நாணயம் போன்ற பதக்கங்களில் 'யூரோ' என்ற சொல்லையோ குறியையோ போடக் கூடாதென்று 2004 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் விதியே போட்டது.

வாட்டிகன், மொனாக்கோ, சான் மரினோவை இதில் சேர்க்காதீர்கள். அவை ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தப்படி அசல் யூரோ வெளியிடுகின்றன.

அழகுக்காக வாங்குவதில் தப்பே இல்லை. 'அரசு சோதனைப் பதிப்பு' என்று சொல்லிக் கேட்கும் விலையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.